உப்பும் சீனியும்: ஜீவனிப் பொதிக்குள் இருக்கும் இரசாயனவியல்

கடந்த மழைக்காலத்தில் வரக்காப்பொலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ராத்தாவின் மூன்று வயது மகனுக்கு விடியற்காலை தொடக்கம் வயிற்றோட்டம். "விடிஞ்சதிலிருந்து குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்துட்டேதான் இருக்கேன். குடிக்கக் குடிக்கக் கூடத்தான் போகுது" என்றார் அவர். அந்திக்குப் பிள்ளையின் கண்கள் உள்வாங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஜீவனி பருக்கி, அல்ஹம்துலில்லாஹ், இரண்டு நாளில் வீடு திரும்பினான்.

அதற்குப் பிறகு ராத்தா என்னிடம் கேட்டார்: "சீனித் தண்ணிக்கும் ஜீவனிக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? ரெண்டும் இனிப்புத்தானே?" நியாயமான கேள்வி. சாதாரண தரத்தில் நாம் பாடமாக்கி மறந்துபோன ஓர் இரசாயனவியல் பாடம்தான் அதற்கு விடை.

மின்குமிழ் காட்டும் வித்தியாசம்

ஒன்பது வோல்ற்றுப் பற்றரி ஒன்று, சிறிய எல்ஈடி மின்குமிழ் ஒன்று, இரண்டு காபன் கோல்கள். கோல்களைக் காய்ச்சி வடித்த நீரில் அமிழ்த்தினால் மின்குமிழ் எரியாது. சீனியைக் கரைத்தாலும் எரியாது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் எரியும். (வீட்டு மின்சாரத்தில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது.)

உப்பு நீரில் கரையும்போது சோடியம் அயன், குளோரைட்டு அயன் என இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில் நேரேற்றம், மற்றதில் மறையேற்றம். இந்த ஏற்றங்கள் நகர்வதால்தான் மின் ஓடுகிறது. இவ்வாறு கரைந்து அயன்களைத் தரும் பொருள் மின்பகுபொருள். சீனியும் குளுக்கோசும் நன்றாகவே கரைகின்றன. ஆனால் அவற்றின் மூலக்கூறுகள் முழுசாகவே மிதக்கின்றன, ஏற்றம் எதுவும் கிடையாது. ஆகவே அவை மின்பகாப்பொருள்கள்.

இரண்டுக்கும் இடைப்பட்டவையும் உண்டு. எமது கேகாலை மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் பாலை உறையவைக்க ஊற்றும் போர்மிக்கமிலம் அப்படியானது. அதன் மூலக்கூறுகளில் சிறு பங்கே அயன்களாகப் பிரியும். அதில் மின்குமிழ் மங்கலாகத்தான் எரியும். இது மென்மின்பகுபொருள்.

கரைசலில் அயன்கள் தாமாகவே பிரிந்து கிடக்கின்றன என்று சுவீடனின் சுவாந்தே அரேனியசு 1884இல் தமது ஆய்வேட்டில் எழுதியபோது பல்கலைக்கழகம் அவருக்குக் குறைந்த தரமே கொடுத்தது. 1903இல் அதே கருத்துக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குடலின் இரட்டைப் பூட்டு

எமது உடம்பின் நீர் வெறும் நீர் அல்ல, உப்புக் கரைசல். நரம்பு துடிப்பதும் இதயம் அடிப்பதும் சோடியம், பொற்றாசியம் அயன்களின் நடமாட்டத்தால். வயிற்றோட்டத்தில் நீரோடு சேர்ந்து இவையும் போய்விடுகின்றன. அப்போது வெறும் தண்ணீரை மட்டும் பருக்கிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் மேலும் ஐதாகும், வலிப்புக்கூட வரலாம்.

சரி, உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தால்? நோயுற்ற குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. இங்கேதான் மின்பகாப்பொருளின் வேலை வருகிறது. சிறுகுடலின் சுவரில் ஒரு கடத்தி இருக்கிறது. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே எடுக்கும். இரண்டு திறப்பும் போட்டால்தான் திறக்கும் பூட்டு மாதிரி. அவை உள்ளே போனதும் நீர் பின்னாலேயே போகும். 1960இல் ரொபர்ட் கிரேன் என்ற ஆய்வாளர் இந்தப் பொறிமுறையை முன்வைத்தார். கொலரா நஞ்சு குடலை ஆட்டிப்படைக்கும்போதும் இந்தக் கதவு பழுதடைவதில்லை என்பதுதான் முக்கியம்.

1968இல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் காசும் கொலரா நோயாளர்களுக்கு இத்தகைய கரைசலை வாயால் கொடுத்து வெற்றி கண்டார்கள். 1971 போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் கொலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனது. டொக்டர் திலீப் மகலானபிசு உப்பு, குளுக்கோசு, அப்பச்சோடா மூன்றையும் பொதிகளாகக் கட்டி, நீரில் கரைத்துப் பருக்கச் செய்தார். சுமார் 30 வீதமாக இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. பின்னர் 1980களில் பங்களாதேசின் பிராக் நிறுவனப் பெண்கள் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், உப்பையும் வெல்லத்தையும் கையளவில் கலக்கும் முறையைத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பொதியின் கணக்கு

2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவை, ஒரு லீற்றர் நீருக்கு: உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம்.

உப்பு கொஞ்சம், குளுக்கோசு நிறைய என்றுதானே தெரிகிறது? எண்ணிப் பார்த்தால் கதை வேறு. 13.5 கிராம் குளுக்கோசு 75 மில்லிமோல். பிரியாததால் துணிக்கைகளும் 75 தான். 2.6 கிராம் உப்பு ஏறக்குறைய 44.5 மில்லிமோல்; இரண்டாகப் பிரிவதால் 89. எடையில் ஐந்தில் ஒரு பங்கு, துணிக்கைகளிலோ உப்பே கூட.

எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றரில் 245 வரும். எமது இரத்தத்தில் இது ஏறக்குறைய 290. குடலில் உள்ள கரைசல் இரத்தத்தைவிட ஐதாக இருந்தால் நீர் உள்ளே போகும். செறிவாக இருந்தால் உடம்பிலிருந்து நீர் குடலுக்குள் இழுபடும். ராத்தா கொடுத்த கெட்டியான குளுக்கோஸ் தண்ணீரால் வயிற்றோட்டம் கூடியதற்குக் காரணம் இதுவே. இனிப்புக் குளிர்பானங்களும் இப்படித்தான். பலவற்றில் இந்த எண் 500ஐத் தாண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஒரு லீற்றர்ப் பொதியை ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைக்காதீர்கள். பாதிப் பொதியைக் கண்மதிப்பில் போடாதீர்கள். பொதியில் எழுதிய அளவு, கொதித்தாறிய நீரில் முழுப் பொதி. சீனி, பால், சோடா எதையும் மேலதிகமாகச் சேர்க்க வேண்டாம். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். பிள்ளை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் திரும்பக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

ஜீவனி கைவசம் இல்லையென்றால், ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. இதில் பொற்றாசியம் இல்லை. ஆகவே பொதி கிடைக்கும் வரைக்கும்தான். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. அதன் மாப்பொருள் குடலில் குளுக்கோசாக மாறும். கண் உள்வாங்கினால், பிள்ளை மயங்கிக் கிடந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் சொன்னபோது ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப சீனியும் தேவை, உப்பும் தேவை. ஒண்ட விட்டு ஒண்டு போகாது, அப்படித்தானே?"

அப்படித்தான். இப்போது அவர் வீட்டு அலுமாரியில் எப்போதும் இரண்டு ஜீவனிப் பொதி இருக்கிறது, பக்கத்தில் ஒரு லீற்றர் அளவுப் போத்தலும்.