தடை ஏபிகேவுக்கா, அவசரத்துக்கா?

வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது. அது படமும் அல்ல, பிடிஎஃப்பும் அல்ல, ‘ஏபிகே’ கோப்பு. போக்குவரத்து அபராதம், வங்கியின் கேஒய்சி புதுப்பிப்பு என்று வேறு பெயர்களிலும் இதே மாதிரிக் கோப்புகள் இந்தியாவெங்கும் சுற்றுகின்றன. நிறுவிவிட்டு, கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்த பலர் வங்கிக் கணக்கிலிருந்த பணத்தை இழந்திருக்கிறார்கள்.

ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பு. அதை பிளே ஸ்டோருக்கு வெளியே பெற்று நேரடியாக நிறுவுவதை ‘சைடுலோடிங்’ என்கிறார்கள். அந்த வழியை அடைத்துவிட்டால் மோசடி ஒழிந்துவிடுமா? திருட்டு எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கிறது. வங்கிச் செயலியின் தரவை இன்னொரு செயலி எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே மோசடிச் செயலி பெரும்பாலும் சுவரை உடைப்பதில்லை. நம்மிடமே சாவி கேட்கிறது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதித்தால் ஓடிபி அதன் கைக்குப் போகிறது. ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதி இன்னும் வலுவானது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டுவது போன்ற உதவிகளுக்காக உருவான வசதி அது. அதைப் பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கும். நமக்குப் பதிலாகப் பொத்தான்களையும் அழுத்தும்.

ஒவ்வொரு ஏபிகேயிலும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் உண்டு. புதிய பதிப்பும் பழைய பதிப்பை வெளியிட்டவரிடமிருந்தே வந்தது என்பதை அது உறுதிசெய்யும். ஆனால் அவர் யார் என்று சொல்லாது. இந்த இடைவெளியை நிரப்பப்போவதாக 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. பெயர், முகவரி உள்ளிட்ட அடையாளத்தைக் கொடுத்துச் சரிபார்ப்பு முடித்தவர்களின் செயலிகளை மட்டுமே, கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவ முடியும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் படிப்படியாக மற்ற நாடுகள் என்பது திட்டம். இணையத்திலிருந்து நேரடியாக நிறுவப்படும் செயலிகளில், பிளே ஸ்டோரில் இருப்பதைவிட 50 மடங்குக்கும் அதிகமாகத் தீம்பொருள் இருப்பதாகத் தன் ஆய்வில் கண்டதாகக் கூகுள் காரணம் சொன்னது.

அபாயம் உண்மை. ஆனால் அடையாளச் சான்று ஒரு செயலி நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடாது. முறைப்படி கணக்குத் தொடங்கியவர்கள் வழியாகத்தான் ‘ஜோக்கர்’ வகைத் தீம்பொருள் பிளே ஸ்டோருக்குள்ளேயே பலமுறை நுழைந்தது.

எதிர்ப்பக்கம் இழப்பு பெரிது. 2010 முதல் இயங்கும் ‘எஃப்-டிராய்டு’ தளம், கட்டற்ற மென்பொருள்களின் மூலநிரலை எடுத்து, தானே செயலியாக்கி இலவசமாகத் தருகிறது. அவற்றை எழுதுபவர்களில் பலர் ஓய்வுநேரத் தன்னார்வலர்கள். அவர்கள் எல்லோரையும் கூகுளிடம் பதிவுசெய்யச் சொல்லவும் முடியாது, அவர்கள் சார்பில் தளமே பதிவுசெய்யவும் முடியாது. இந்த விதி வந்தால் தளமே நிலைக்காது என்று எஃப்-டிராய்டு எச்சரித்தது.

இந்த விதியை எதிர்க்க அரசியல் காரணமும் இருக்கிறது. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தேர்தல் தொடங்கிய நாளில், அரசின் நெருக்கடியால், எதிரணித் தலைவர் நவால்னியின் அணியினர் யாருக்கு வாக்களிக்கலாம் என்று வழிகாட்ட வெளியிட்ட செயலியை ஆப்பிளும் கூகுளும் தங்கள் ஸ்டோர்களிலிருந்து அகற்றின. ஆண்ட்ராய்டில் ஏபிகே வழி மிஞ்சியிருந்தது. ஐபோனில் அன்று அதற்கு இணையான வழி இருக்கவில்லை. ஒரே நிறுவனம் வாசலில் நின்றால், அரசுகள் அந்த ஒரு நிறுவனத்தை மிரட்டினாலே போதும்.

எதிர்ப்புக்குப் பிறகு, 2025 நவம்பரில் கூகுள் இறங்கி வந்தது. விவரம் தெரிந்து ஆபத்தை ஏற்பவர்கள் சரிபார்க்கப்படாத செயலிகளையும் நிறுவ ஒரு தனிவழி தருவதாகச் சொன்னது. பிறகு வெளியிட்ட விவரத்தின்படி, போனை மறுதொடக்கம் செய்து, ஒரு நாள் காத்திருந்து, மீண்டும் உறுதிசெய்த பிறகே அந்த வழி திறக்கும். மோசடியின் மூலதனம் அவசரம். “உடனே செய்யுங்கள், இல்லாவிட்டால் கணக்கு முடங்கிவிடும்” என்று போனில் மிரட்டுகிறவரின் பிடி, ஒரு நாள் இடைவெளியில் தளர்ந்துவிடும். வீட்டில் யாரிடமாவது கேட்கவும் வங்கிக்குப் போய் விசாரிக்கவும் நேரம் கிடைக்கும். தெரிந்தே நிறுவுகிறவர் இழப்பதோ, ஒருமுறை, ஒரு நாள் மட்டும்தான்.

இன்னொரு தடையை அனுமதிகள் மீது வைக்கலாம். 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கூகுள் ஒரு சோதனை தொடங்கியது. பிரவுசர், மெசேஜ் வழியாக வந்த செயலி எஸ்எம்எஸ், அறிவிப்புகள், ஆக்சஸிபிலிட்டி போன்ற அனுமதிகளை நாடினால், ஆண்ட்ராய்டில் உள்ள கூகுளின் பாதுகாப்பு வசதியான ‘பிளே புரொடெக்ட்’ அதன் நிறுவலைத் தடுத்தது. பின்னர் இது இந்தியாவுக்கும் வந்தது. எழுதியவர் யார் என்பதைவிட, செயலி எதைக் கேட்கிறது என்று பார்க்கும் இந்த அணுகுமுறையே திருட்டின் வேரைத் தொடுகிறது.

மெசேஜில் வரும் ஏபிகேயைத் திறக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கூகுள் தருவதாகச் சொன்ன தனிவழி, எந்த அடையாளமும் கேட்காமல் எல்லா நாட்டிலும் நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டும். அதைச் சலுகையாக விடாமல் சட்ட உரிமையாக்குவது அரசுகளின் கடமை. காசு கொடுத்து வாங்கிய போனில் எது இயங்கலாம் என்ற கடைசி முடிவு, அதை வாங்கியவருடையதாகவே இருக்க வேண்டும்.