காலண்டர் குதிரையின் கால்கள்

ஆலங்குளத்தில் நான் டீ குடிக்கும் கடையில், சாமி படங்களுக்கு நடுவே ஏழு குதிரை காலண்டர் தொங்குகிறது. சிவகாசி அச்சுதான். முன்னால் வரும் வெள்ளைக் குதிரை முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் விரித்து அந்தரத்தில் பறக்கிறது. அழகுதான். ஆனால் எந்தக் குதிரையும் அப்படி ஓடியதில்லை.

இது தெளிவானது 1878-ல். கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்குக் குதிரைப் பித்து. பாலோ ஆல்டோவில் இருந்த அவர் பண்ணையில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொரு கேமராவுக்கும் நேராகப் பாதையின் குறுக்கே ஒரு நூல். ஓடும் குதிரை நூலை இடற, மின்காந்தம் அந்தக் கேமராவின் ஷட்டரைத் தட்டிவிடும். கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரமே வெளிச்சம் உள்ளே போகும். அன்றைய கண்ணாடித் தகட்டுக்கு அது பற்றாது. நல்ல வெயிலும் எதிரே கட்டிய வெள்ளைத் திரையும் கைகொடுத்தன. (நான்கு குளம்புகளும் ஒருசேர எழும்புமா என்று பெரிய தொகைக்குப் பந்தயம் கட்டி எடுத்த படம் என்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லை.)

ஜூன் 19 அன்று சாலி கார்ட்னர் என்ற பெண்குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. நான்கு குளம்புகளும் தரையைவிட்டு எழும்பும் கணம் உண்டுதான். ஆனால் அது கால்கள் விரியும்போது அல்ல, வயிற்றுக்கடியில் மடங்கிச் சேரும்போது! ஊஞ்சல் போல, வீசும் காலும் இரண்டு முனைகளிலும் ஒரு கணம் தயங்கித்தான் திரும்பும். கண்ணில் தங்குவது அந்த முனைகள்தான். 1821-ல் எப்சம் பந்தயத்தை வரைந்த பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோவே அதில் ஏமாந்தவர்.

கடைக்கார அண்ணாச்சியிடம் போனில் சாலியின் கால் மடங்கிய படத்தைக் காட்டினேன். “குளிருக்குச் சுருண்ட ஆட்டுக்குட்டி மாதிரில்லா இருக்கு” என்றார்.

மைபிரிட்ஜ் 1887-ல் 781 தாள்களாக வெளியிட்ட தொகுப்பில் யானையும் உண்டு.

வேகமாகப் போகும் யானையின் நான்கு கால்களும் ஒருசேர எழும்புமா என்ற வழக்கு தீர 2003 வரை ஆனது. தாய்லாந்தில் யானைகளின் மூட்டுகளில் பெயின்ட் பொட்டு வைத்து வீடியோ எடுத்தார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திலும் ஒரு காலாவது தரையில் இருந்தது.

அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பம் சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று வெளிவரும். படம் போடும் அண்ணாச்சிமாரே, ஏழு குதிரையில் ஒன்றுக்காவது காலை மடக்கிப் போடுங்கள்.