குற்றவியல் படித்தால் சம்பளம் எவ்வளவு?

"சார், குற்றவியல்ல எம்.ஏ. முடிச்சா எவ்வளவு சம்பளம் கிடைக்கும்?" உயர்கல்வி வழிகாட்டல் பாடவேளையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு, "போலீஸ்ல பெரிய அதிகாரி ஆகலாம்ப்பா" என்று ஒரு மாணவனிடம் சொல்லி அனுப்பினேன். முதுகலை முடித்த பிறகு என்னைப் பார்க்க வந்தவன், "சார், எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி இருந்தா போதுமாமே?" என்றான். எனக்குப் பதில் இல்லை. அதன் பிறகுதான் விவரங்களைத் தேடிப் படித்தேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உள்ளன. குற்றம் ஏன் நிகழ்கிறது, சிறை, சீர்திருத்தம், பாதிக்கப்பட்டோர் நலன் ஆகியவற்றை ஆழமாகக் கற்பிக்கும் நல்ல படிப்பு இது. ஆனால் சம்பளத்தைத் தீர்மானிப்பது பட்டமன்று; பணியில் சேரும் வழிதான்.

எந்தப் பட்டமும் போதுமான பணிகள்: தமிழ்நாட்டில் காவல் சார்பு ஆய்வாளரின் ஊதிய விகிதம் ரூ.36,900-இல் தொடங்குகிறது. குரூப் 1 தேர்வு வழியாகத் துணைக் காவல் கண்காணிப்பாளர் ஆனால் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.56,100. அகவிலைப்படியும் பிற படிகளும் தனி. குற்றவியல் முதுகலை பெற்றவருக்கும் வரலாறு இளங்கலை பெற்றவருக்கும் தொடக்க ஊதியம் ஒன்றே. வயதையும் கவனிக்க வேண்டும். 2023 சார்பு ஆய்வாளர் அறிவிக்கையில் பொதுப்பிரிவினருக்கு உச்ச வயது 30, பிற்படுத்தப்பட்டோருக்கு 32, பட்டியல் இனத்தவருக்கு 35. முதுகலையின் இரண்டு ஆண்டுகளும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

முதுகலைப் பட்டமே நுழைவுச்சீட்டாகும் பணிகள்: யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாக உள்ளது. இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000. பல்கலைக்கழக மானியக்குழு ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க ஊதியம் ரூ.57,700. ஆனால் இத்துறை உள்ள கல்லூரிகள் குறைவு; ஆகவே பணியிடங்களும் குறைவு.

ஒப்பந்தப் பணிகள்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், மிஷன் வாத்சல்யா திட்டப்படி, சமூகப் பணியாளருக்கு மாதம் ரூ.18,536, பாதுகாப்பு அலுவலருக்கு ரூ.27,804 தொகுப்பூதியம். எந்தெந்தப் பட்டங்கள் ஏற்கப்படும் என்பதை அறிவிக்கையில் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தொலைக்காட்சியில் கைரேகையும் ரத்தக்கறையும் ஆராய்வதைப் பார்த்துவிட்டுக் குற்றவியல் கேட்கும் மாணவர்கள் பலர். அது தடய அறிவியல். அதற்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற அறிவியல் பட்டம் தேவை. அப்படியானால் அந்த முடிவு பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பு ஆசிரியர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

அந்த மாணவியிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "உனக்குச் சீருடை வேணுமா, ஆய்வகம் வேணுமா, கல்லூரியில பாடம் நடத்தணுமா, குழந்தைங்களோட வேலை செய்யணுமாம்மா?" சற்று யோசித்து, "குழந்தைங்களோட, சார்" என்றார். மறுநாள் பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்துவந்து, கல்வித்தகுதிப் பகுதியை இருவரும் வரிவரியாகப் படித்தோம். முன்பு அந்த மாணவனுக்கும் நான் இதைத்தான் செய்திருக்க வேண்டும்.