மக்னீஷியம் டைபோரைடுக் கம்பிகளில் மின்னோட்டத்தைப் பெருக்கும் முறைகள்

மிகத் தாழ்ந்த உஷ்ணநிலையில் சில பொருள்கள் மின்தடையை முற்றிலும் இழந்துவிடுகின்றன. இவை மீகடத்திகள் எனப்படும். மருத்துவமனைகளில் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் காந்தக் கருவிகளில் வழங்கும் நியோபியம்-டைட்டேனியம் கலவை, ஏறத்தாழ 9 டிகிரி கெல்வினுக்குக் கீழேதான் இத்தன்மையைப் பெறும். அதைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் தேவைப்படுவதால் செலவு மிகுதி.

மக்னீஷியம் டைபோரைடு 1950-களிலேயே அறியப்பட்டிருந்த சேர்மம். அது 39 டிகிரி கெல்வினில், அதாவது பூஜ்யத்திற்குக் கீழ் 234 டிகிரி சென்டிகிரேடில், மீகடத்தியாகிறது என்பதை ஜப்பானியப் பேராசிரியர் ஜூன் அகிமிட்சுவும் அவருடைய குழுவினரும் 2001-ஆம் ஆண்டில் அறிவித்தனர். எனவே, 20 டிகிரி கெல்வின் அளவிலேயே இதைப் பயன்படுத்த இயலும்.

ஆயினும், உஷ்ணநிலை ஒன்றே போதாது. மீகடத்தும் தன்மையை இழக்காமல் எவ்வளவு மின்னோட்டத்தைச் சுமக்கும் என்பதே கம்பியின் பயனை முடிவு செய்கிறது. வலிய காந்தப் புலத்தில் மீகடத்தியினுள் காந்த விசை மெல்லிய இழைகளாக ஊடுருவுகின்றது. மின்னோட்டம் மிகும்போது இவ்விழைகள் தள்ளப்படுகின்றன. அவை நகர்ந்தால் ஆற்றல் வெப்பமாக விரயமாகி, மின்தடை மீண்டும் தலைகாட்டும். ஆகவே, கன்றை முளையில் கட்டுவதுபோல் இழைகளை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். இச்சேர்மத்தில் மணிகளின் எல்லைகளே பெரும்பாலும் முளைகளாக உதவுகின்றன. மணிகள் சிறுத்தால் எல்லைகள் பெருகும். சுமக்கும் மின்னோட்டமும் பெருகும்.

கரியைச் சேர்ப்பது மற்றொரு வழியாகும். போரான் அணுக்கள் சிலவற்றின் இடத்தில் கரி அணுக்கள் புகுந்தால், வலிய காந்தப் புலத்தையும் சேர்மம் தாங்கி நிற்கும். ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2002-ஆம் ஆண்டில் சிலிக்கன் கார்பைடு நுண்பொடியைச் சேர்த்துப் பெரும் பயன் கண்டனர். திருவனந்தபுரத்திலுள்ள தேசிய ஆய்வுக்கூடத்தில் நெல் உமியை எரித்துப் பெற்ற கரியும் இவ்வாறு சோதிக்கப்பட்டது. ஆனால், கரி அளவு கடந்தால் மீகடத்தும் உஷ்ணநிலை தாழ்ந்துவிடும்.

கம்பி செய்யும் முறையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மக்னீஷியம், போரான் பொடிகளை உலோகக் குழாயில் நிரப்பி, மெல்லிய கம்பியாக இழுத்துச் சூடேற்றுகின்றனர். மக்னீஷியம் 650 டிகிரி சென்டிகிரேடில் உருகிப் போரானுடன் கலக்கும்போது, அது இருந்த இடங்கள் வெற்றிடங்களாகின்றன. விளையும் பொருள் கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்திருப்பதால் மின்னோட்டம் செல்லும் வழி குறுகுகிறது. மணிகளின்மீது படியும் ஆக்ஸைடு ஏடும் தடையாகும். இதைத் தவிர்க்க, சூடேற்றுமுன் கம்பியை மிகுந்த அழுத்தத்தில் நெருக்குகின்றனர். அன்றி, குழாயின் நடுவில் மக்னீஷியக் கோலையும் சுற்றிலும் போரான் பொடியையும் வைக்கின்றனர். உருகிய மக்னீஷியம் வெளிநோக்கிப் பரவி, துளைகள் குறைந்த செறிவான படலத்தை உண்டாக்குகிறது. வெற்றிடம் நடுவில் மட்டும் எஞ்சுகிறது.

இம்முயற்சிகளின் பயன் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. ஜினீவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 2014-ஆம் ஆண்டில் 20 மீட்டர் நீளமுள்ள மக்னீஷியம் டைபோரைடு வடங்கள் 24 டிகிரி கெல்வினில் 20,000 ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுமந்தன. கரியின் அளவு, மணியின் நுண்மை, பொருளின் செறிவு ஆகிய மூன்றையும் நெடிய கம்பி முழுவதிலும் ஒரே சீராகப் பேணுவதே இத்துறையில் எஞ்சியுள்ள பெரும் பணியாகும்.