பாலீஷ் மில்லில் பிடிபட்ட காரீயம்

வங்கதேசக் கிராமங்களில் 430 கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 31 பேரிடம் காரீயம் அளவுக்கு மீறி இருந்தது. வயலும் குளமும் சூழ்ந்த ஊர்கள் அவை. நகரத்து வாகனப் புகை அங்கே கிடையாது. காரீயம் கலந்த பெட்ரோலை அந்த நாடு 1999-லேயே நிறுத்திவிட்டது. அப்படியானால் இந்தப் பெண்களின் உடம்புக்குள் காரீயம் எந்த வழியாகப் போனது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்னா ஃபோர்சித், ஸ்டீபன் லூபி ஆகியோரும், டாக்காவில் உள்ள ஐசிடிடிஆர்பி ஆய்வு மையத்தினரும் சேர்ந்து இதற்கு விடை தேடினார்கள். 2019-ல் விடை வெளியானது: மஞ்சள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் வங்கதேசத்துச் சந்தை மஞ்சளிலிருந்து காரீயம் காணாமல் போனது. உணவில் நஞ்சு என்ற செய்தி நமக்கு வாரம் ஒன்று வருகிறது. நஞ்சை ஒழித்துவிட்டார்கள் என்ற செய்தி வருவது அபூர்வம். அந்த ஒன்று எப்படிச் சாத்தியமானது என்று பார்ப்பது, மஞ்சளை அன்றாடம் சாப்பிடும் நமக்கும் உதவும்.

அறிகுறி காட்டாத நஞ்சு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம். இங்கே பேசுவது காரீயத்தை; பேட்டரியிலும் பழைய பெயின்டிலும் இருப்பது.

காரீயத்தால் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆனால் உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி ஏமாந்துபோகிறது. சுண்ணாம்புச் சத்து போகும் வழியிலெல்லாம் காரீயமும் போகிறது; எலும்பில் தங்கிப் பல ஆண்டுகள் கிடக்கிறது. கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பு கரைந்து பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து கொடுக்கும்போது, பழைய காரீயமும் கூடவே வெளியேறி நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவைச் சேர்கிறது. வாய்வழி வரும் காரீயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கு குழந்தைகள் உறிஞ்சுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் மூளைதான் அதன் முதல் இலக்கு. கவனம் சிதறும், படிப்பு ஏறாது, அறிவுத்திறன் குறையும். பெரும்பாலும் காய்ச்சலோ வாந்தியோ வராது. பிள்ளை மந்தமாக இருக்கிறான் என்று பெற்றோரும் ஆசிரியரும் அவனையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவு வரை இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் காரீயத்துக்கு இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரணத்தைத் தேடி அகற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், அதாவது சுமார் 80 கோடிப் பேர், இந்த அளவிலோ அதற்கு மேலோ இருக்கக்கூடும் என்று யுனிசெஃப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் மதிப்பிட்டன. அதில் இந்தியாவின் பங்கு 27.5 கோடி.

ரத்தத்தில் இருந்த கைரேகை

வங்கதேச ஆய்வாளர்களிடம் சந்தேகப் பட்டியல் நீளமாகவே இருந்தது. மண், அரிசி, பூச்சிமருந்து, காரீயப் பற்றுவைத்த தகர டப்பா, மஞ்சள் என ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காரணம் தென்பட்டது. ஒரு பொருளில் காரீயம் இருக்கிறது என்பதால் மட்டும் அதுவே ரத்தத்தில் கலந்தது என்று சொல்லிவிட முடியாது. அங்கேதான் ஐசோடோப்பு கைகொடுத்தது.

ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களே ஐசோடோப்புகள். காரீயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு: 204, 206, 207, 208. முதலாவது, பூமி பிறந்தபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இன்றும் இருக்கிறது. மற்ற மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதைவதால் மெல்ல மெல்லக் கூடிவருகின்றன. ஆகவே ஒவ்வொரு சுரங்கத்துத் தாதுவிலும் இந்த நான்கின் விகிதம் வேறுபடுகிறது. தாதுவை உருக்கினாலும், சாயமாக்கினாலும், அது சோற்றோடு வயிற்றுக்குள் போய் ரத்தத்தில் கலந்தாலும் அந்த விகிதம் அப்படியே நிற்கும். கைரேகையை மாற்ற முடியாதது போலத்தான். இந்த விகிதங்களை வைத்துத்தான் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் புவிவேதியியலாளர் 1956-ல் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று கணக்கிட்டார். அந்த அளவீட்டில் எங்கிருந்தோ வந்து கலந்த காரீய மாசு அவரைப் படாதபாடு படுத்தியது. பிற்பாடு காரீயப் பெட்ரோலுக்கு எதிராக அவர் பல ஆண்டுகள் போராடியதற்கு அதுவே தொடக்கம்.

வங்கதேசப் பெண்களின் ரத்தத்திலிருந்த விகிதத்தைச் சந்தேகப் பொருள்களோடு ஒப்பிட்டபோது, மஞ்சளில் சேர்க்கப்பட்ட மஞ்சள் சாயம்தான் பொருந்தி வந்தது.

வெள்ளம் கற்றுக்கொடுத்த குறுக்குவழி

அந்தச் சாயத்தின் வேதிப்பெயர் லெட் குரோமேட். பெயின்டுக்கும் சாலையில் போடும் மஞ்சள் கோட்டுக்கும் பயன்படும் சரக்கு. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காரீயம். வங்கதேசத்து மஞ்சள் வியாபாரத்தில் அதற்குப் பியூரி, பசந்தி ரங் என்று செல்லப் பெயர்கள் இருந்தன.

ஆய்வுக் குழு விவசாயி, பாலீஷ் மில்காரர், மொத்த வியாபாரி என்று 152 பேரிடம் பேசியது. ஒன்பது மாவட்டங்களில் மாதிரி எடுத்ததில் ஏழில் கலப்படத்துக்குச் சான்று கிடைத்தது. ஒரு மாதிரியில் கிராமுக்கு 1,152 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தது 2.5 மட்டுமே.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் முக்கியமானது. 1980-களில் பெருவெள்ளம் வந்து மஞ்சள் நனைந்து நிறம் மங்கிப்போனது. மங்கிய கிழங்கை வாங்க ஆள் இல்லை. காய்ந்த கிழங்கை டிரம்மில் போட்டுச் சுற்றி மெருகேற்றும் பாலீஷ் மில்லில் ஒரு பிடி சாயம் தூவினால் மட்டச் சரக்கும் பளிச்சென்று ஆகிவிடும். வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. நிறம் தூக்கலான மஞ்சளுக்கே சந்தையில் மதிப்பு என்று ஆனபிறகு, மொத்த வியாபாரி கேட்டார், மில்காரர் போட்டார். அது மூளையைத் தாக்கும் காரீயம் என்பதை அந்தச் சங்கிலியில் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. மில்லுக்குள் சாயத் தூசியை முதலில் மூச்சோடு இழுத்தவர்களும் அங்கே வேலை செய்த தொழிலாளிகள்தான்.

இன்னொரு விஷயமும் பேட்டிகளில் வெளிவந்தது. வெளிநாட்டுக்குப் போகும் சரக்கில் பெரிய நிறுவனங்கள் எச்சரிக்கையாக இருந்தன. வாங்கும் நாட்டில் பரிசோதனை உண்டு என்ற பயம். உள்ளூர்க்காரர் சாப்பிடும் மஞ்சளுக்கு அந்தக் காவல் இல்லை. சோதிப்பார்கள் என்று தெரிந்த இடத்தில் கலப்படம் தானாகவே குறைந்தது என்பதே இதற்குப் பொருள்.

ஷியாம்பஜாரில் நடந்தது

2019-ல் ஆய்வு வெளியானதும் வங்கதேச உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைக் கோப்பில் கட்டி வைக்கவில்லை. டாக்காவின் பெரிய மசாலாச் சந்தையான ஷியாம்பஜாருக்கு நடமாடும் நீதிமன்றத்தோடு அதிகாரிகள் இறங்கினார்கள். கையில் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி. மஞ்சள்மீது வைத்து விசையை அழுத்தினால் எக்ஸ்ரே பட்ட ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். காரீயம் இருக்கிறதா, எவ்வளவு என்பது சில நிமிடங்களில் திரையில் வந்துவிடும். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு அங்கேயே அபராதம் விதித்து, சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். செய்தி தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் பரவியது. மஞ்சளில் சாயம் சேர்ப்பது குற்றம் என்ற துண்டறிக்கை பல்லாயிரக்கணக்கில் சந்தைகளுக்குப் போனது.

ஆய்வாளர்கள் அத்தோடு விலகிவிடவில்லை. மீண்டும் சந்தைக்குப் போய் 2021 வரை மாதிரி எடுத்தார்கள். 2019-ல் சந்தை மஞ்சளில் 47 சதவீதத்தில் காரீயம் தென்பட்டது. 2020 தொடக்கத்தில் அது 5 சதவீதம். 2021-ல் பூஜ்ஜியம். 2017-ல் பாலீஷ் மில்களில் 30 சதவீதத்தில் சாயத்தின் சுவடு இருந்தது. 2021-ல் ஒன்றிலும் இல்லை. மில் தொழிலாளிகளின் ரத்தத்தில் காரீயத்தின் இடைநிலை அளவு 30 சதவீதம் குறைந்தது.

லட்சக்கணக்கான அடுப்பங்கரைகளைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. கலப்படம் நடந்த இடம் பாலீஷ் டிரம். அதைக் கேட்டு வாங்கிய இடம் மொத்தச் சந்தை. இந்த இரண்டு இடங்களையும் அறிவியல் காட்டிக்கொடுத்ததால் அரசின் கை சரியான இடத்தில் விழுந்தது.

எல்லைகளில் நிற்காத சாயம்

இதே சாயம் வேறு வேடத்தில் 2023-ல் அமெரிக்காவில் தலைகாட்டியது. குழந்தைகளுக்கான இலவங்கப்பட்டை சேர்த்த ஆப்பிள் கூழ் பாக்கெட்டுகளைச் சாப்பிட்ட 500-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. கூழில் சேர்ந்த பட்டைத்தூளைச் சோதித்தபோது பத்து லட்சத்தில் 5,110 பங்கு வரை காரீயம் இருந்தது. கூடவே குரோமியமும் இருந்ததால் லெட் குரோமேட் என்று சந்தேகம் எழுந்தது. பட்டை இலங்கையிலிருந்து போனது. ஆனால் அரைக்காத பட்டையில் காரீயம் இல்லை. ஈக்வடாரில் தூளாக்கிய கட்டத்தில்தான் நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும் என்ற முடிவுக்கு அதிகாரிகள் வந்தார்கள். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான் இதை முதலில் காட்டியது. அந்தப் பரிசோதனை இல்லாத நாட்டில் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

தெற்காசியாவை நோக்கியும் ஃபோர்சித் குழு திரும்பியது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நான்கு நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய 356 மஞ்சள் மாதிரிகளின் முடிவு 2024-ல் வெளியானது. 14 சதவீத மாதிரிகளில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம். பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் வாங்கிய சில மாதிரிகளில் 1,000-த்துக்கும் மேல். காரீய அணுவும் குரோமிய அணுவும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தன. மண்ணிலிருந்து தற்செயலாக ஏறியிருந்தால் அப்படி அமையாது. லெட் குரோமேட்டில்தான் அந்தக் கணக்கு வரும்.

ஈரோட்டிலிருந்து பார்த்தால்

ஈரோடு, நிஜாமாபாத், சாங்லி ஆகிய மூன்றும் இந்தியாவின் பெரிய மஞ்சள் சந்தைகள். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கேயும் மஞ்சளை வேகவைத்து, களத்தில் காயவைத்து, டிரம்மில் போட்டுப் பாலீஷ் போட்டுத்தான் விற்பனைக்குக் கொண்டுபோகிறார்கள். தோலும் வேரும் உதிர்ந்து கிழங்கு வழவழப்பாக வேண்டும் என்பதற்காகச் செய்யும் வேலை அது. அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் பளபளப்புக்கு விலை ஏறும் எந்தச் சந்தையிலும் அந்த டிரம்தான் காவல் வேண்டிய இடம்.

நம் சட்டம் மஞ்சளில் லெட் குரோமேட் அறவே இருக்கக் கூடாது என்கிறது. காரீயத்துக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்பு கிராமுக்கு 10 மைக்ரோகிராம், வங்கதேசத்தின் 2.5-ஐப் போல நான்கு மடங்கு. தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் மஞ்சள் கிழங்கைப் போட்டுப் பார்க்கலாம், உடனே நிறம் இறங்கினால் சாயம் என்று சந்தேகிக்கலாம் என வீட்டுச் சோதனை ஒன்றையும் அது சொல்கிறது. அப்பட்டமான கலப்படத்தை அது பிடிக்கும். கிராமுக்கு 20, 30 மைக்ரோகிராம் இருந்தால் எந்த டம்ளரும் காட்டாது. கொதிக்க வைத்தாலும் காரீயம் அழியாது. தோலுரிக்காத மங்கிய விரலி மஞ்சளை வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளும் வீடுகளுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. எல்லாக் குடும்பத்தாலும் அது முடியாது; முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

வீட்டுக்காரரின் கவனத்தை நம்பி வங்கதேசம் இதைச் சாதிக்கவில்லை. நமக்கும் வேண்டியவை மூன்று. பெரிய மஞ்சள் சந்தைகளில் ஏலத்துக்கு முன்பே எக்ஸ்ரே கருவியால் சோதனை; அதன் முடிவு பொதுவெளியில். குழந்தைகளின் ரத்தத்தில் காரீயத்தை அளக்கும் ஏற்பாடு; அங்கன்வாடி, தடுப்பூசி முகாம் என்று நம்மிடம் உள்ள வலைப்பின்னலே அதற்குப் போதும். மூன்றாவது, மஞ்சளின் தரத்தை மேற்பளபளப்பால் மதிக்காமல் அதன் இயற்கை நிறப்பொருளான குர்குமின் அளவாலும் உடைத்துப் பார்த்த உள்நிறத்தாலும் மதிப்பது. சாயம் தோலில்தான் ஒட்டும், உள்ளே ஏறாது. பளபளப்புக்குக் கூடுதல் விலை கிடைக்காது என்று ஆகிவிட்டால் சாயம் தூவ யாருக்கும் காரணம் இருக்காது.

ஒருமுறை சோதித்துப் பூஜ்ஜியம் வந்தால் அது அந்த ஆண்டின் பூஜ்ஜியம் மட்டுமே. அடுத்த வெள்ளத்திலோ விலைச் சரிவிலோ மங்கிய கிழங்கோடு ஒருவர் மில்லுக்கு வருவார். அன்றைக்கும் சந்தையில் கருவியோடு ஒருவர் நிற்கிறாரா என்பதைப் பொறுத்ததே நம் குழம்பின் பத்திரம்.