உங்களுக்குத் தெரியுமா? வைகையும் முதல் மழையும்

● மழை வந்தால் ஆறு சுத்தமாகிவிடும் என்று நம்புகிறோம். முதல் மழையில் நடப்பது நேர்மாறு. மாதக்கணக்கில் தெருவிலும் ஓடைக்கரையிலும் காய்ந்து கிடந்த மலம், சாணம், குப்பை எல்லாவற்றையும் அந்த வெள்ளம் வழித்துக்கொண்டு போய் ஆற்றில் சேர்க்கிறது.

● மதுரையில் அந்த வெள்ளம் வைகைக்குள் நுழையும் வழிகளில் ஒன்று, செல்லூர் பக்கமாக வரும் பந்தல்குடி வாய்க்கால். மழைநீர் போக வேண்டிய தடத்தில் இன்று சாக்கடையும் ஓடுகிறது. தெற்கே கிருதுமால் நதிக்கும் இதே கதி.

● தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று அறிய, காலரா, டைஃபாய்டு கிருமிகளை ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை. குடலில் வாழும் கோலிஃபார்ம் பாக்டீரியாவைத்தான் தேடுகிறார்கள். அவற்றில் ஈ.கோலை இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். ஈ.கோலையை 1885-ல் கண்டு சொன்னவர் தியோடர் எஷரிஷ்.

● சோதனைக்குழாயில் லாக்டோஸ் கலந்த திரவம். அதற்குள் தலைகீழாக ஒரு குட்டிக் கண்ணாடிக்குழல். ஆற்றுநீரைச் சேர்த்து 44.5 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைக்கிறார்கள். மலத்திலிருந்து வந்த கோலிஃபார்ம் (மலக் கோலிஃபார்ம்) லாக்டோஸைத் தின்று வாயுவை விட, குட்டிக்குழலின் உச்சியில் குமிழி நிற்கும். எத்தனை குழாய்களில் குமிழி என்று எண்ணி, அட்டவணையைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறார்கள்.

● குளிக்கும் நீரில் 100 மி.லி.க்கு மலக் கோலிஃபார்ம் 500-க்குள் இருப்பது நல்லது. 2,500-ஐத் தாண்டவே கூடாது. குடிநீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது.

● வெயில் பட்டால் இந்தப் பாக்டீரியா சாகும். ஆனால் சேற்றிலும் மணலுக்கடியிலும் வாரக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் அந்தப் படுகையைக் கிளறிக்கொண்டுதான் வருகிறது. லட்சக்கணக்கான பேர் இறங்கும் தண்ணீர் அது. அன்றைய தண்ணீரைச் சோதித்து, முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும்.

● மாதிரி எடுப்பவர் கிருமி நீக்கிய பாட்டிலை நீரோட்டத்துக்கு எதிர்முகமாக, ஓர் அடி ஆழத்தில் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மாதத்துக்கு ஒருநாள் எடுத்தால் முதல் மழை தப்பிவிடும். மழை பெய்த அன்றே போவதுதான் சரியான கண்காணிப்பு.

● ஆய்வகம் இல்லாத இடத்துக்கும் வழி உண்டு. 1982-ல் குவாலியர் பாதுகாப்பு ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனை அது. மருந்து தோய்ந்த தாள் உள்ள பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வெறுமனே வைத்தால் போதும். மலம் கலந்த நீர் என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் கறுத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளே ஆசிரியர் துணையோடு தங்கள் ஊர்க் கம்மாயைச் சோதிக்கலாம்.