ஊரடங்கில் பூட்ட முடியாத கூடுகள்

கடைக்குக் கதவு உண்டு, பூட்டு உண்டு. ஆனால் உயிருள்ள ஒன்றை வைத்திருப்பவருக்கு மூடும் நாள் என்று ஒன்று கிடையாது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் நாடு முடக்கப்பட்டபோது நம் வர்த்தகர்கள் பட்ட கஷ்டங்களை நிறையப் பேசி விட்டோம். காசோலை திரும்பியதைப் பேசினோம், பழம் அழுகியதைப் பேசினோம், வங்கி வட்டி ஏறியதைப் பேசினோம். ஆனால் கூட்டுக்குள்ளும் களஞ்சியத்துக்குள்ளும் கொல்லையிலும் இருந்த வாயில்லா ஜீவன்களுக்கு நோய் வந்தபோது அவற்றை எப்படி வைத்தியரிடம் கொண்டு சேர்த்தோம் என்பதை யாரும் பேசியதாகத் தெரியவில்லை. இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறேன்.

"பூனைக்கு வைத்தியம் பார்ப்பதெல்லாம் வியாபாரப் பக்கத்துக்குரிய விஷயமா?" என்று சிலர் கேட்கக் கூடும். அரிசி, மா, பருப்பு மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் எந்த முதலாளியிடமும் கேட்டுப் பாருங்கள். களஞ்சியத்துப் பூனை சம்பளம் வாங்காத காவலாளி. அது ஒரு வாரம் படுத்து விட்டால் எலி எத்தனை மூட்டையைக் கடித்தது என்பதை இருப்புக் கணக்கு சொல்லும். லவ் பேர்ட்ஸ், புறா, மீன், கோழிக்குஞ்சு விற்பவர்களுக்கு உயிர்தான் சரக்கு. ஹஜ்ஜுப் பெருநாளை நம்பி நாலைந்து ஆடு வளர்க்கும் குடும்பத்துக்கு அந்த ஆடுகளே சேமிப்புப் புத்தகம். இவற்றோடு, பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சும் வீட்டுப் பூனையும் இருக்கிறது. அதற்கு விலை போட முடியாது. ஆனால் அது நோயில் கிடந்தால் வீடே சோறு தின்னாமல் இருக்கும்.

பாதை எப்படி அடைபட்டது?

2020 மார்ச் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. வயல் வேலைக்கும் மீன்பிடிக்கும் அரசாங்கம் இடம் கொடுத்தது. பாமசிக்குப் போகும் நோயாளிக்கு வைத்தியரின் மருந்துச் சீட்டே பாஸாக ஏற்கப்பட்டது. பின்னர் அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து இன்னார் இன்ன நாளில் வெளியே வரலாம் என்ற முறையும் வந்தது.

அக்கரைப்பற்றைப் பொறுத்தவரை பெரிய அடி அதே ஆண்டு நவம்பர் இறுதியில் விழுந்தது. சந்தையோடு தொடர்புடைய தொற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டதும் அக்கரைப்பற்று பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தப்பட்டது. 2021 மே 21 முதல் ஜூன் 21 வரை நாடளாவிய பயணக் கட்டுப்பாடு இருந்தது. அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஜூலை 21. ஆடு வளர்ப்போர் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க வேண்டிய மாதத்தில்தான் பாதை மூடியிருந்தது. பிறகு ஆகஸ்ட் 20ஆம் திகதி இரவு தொடங்கிய ஊரடங்கு ஒக்டோபர் முதலாம் திகதி அதிகாலை வரை நீடித்தது.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் மனித உயிரைக் காப்பாற்றச் செய்யப்பட்டவை. அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் அவற்றில் ஓர் ஓட்டை இருந்தது. பூனைக்கு அடையாள அட்டை கிடையாது. ஆட்டின் பெயரில் மருந்துச் சீட்டு இருந்தால் அதைச் சோதனைச் சாவடியில் ஏற்பார்களா என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. வைத்தியர் தன் இடத்தில் இருந்தார், நோயுற்ற பிராணி நம் இடத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் இருந்த சில மைல்தான் பிரச்சினை.

கிராமப் பகுதிகளில் பிராணி வைத்தியத்துக்கு முதல் வாசல் அரச கால்நடை வைத்திய அலுவலகம். பெயரே சொல்வது போல அதன் முதல் வேலை மாடு, ஆடு, கோழி. நாட்டில் மிருக வைத்தியர்களை உருவாக்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது. பெரிய சத்திர சிகிச்சை என்றால் அங்குள்ள போதனா மிருக வைத்தியசாலை வரை போகிறவர்களும் உண்டு. சாதாரண நாளிலேயே இங்கிருந்து அது நெடும் பயணம். ஊரடங்கில் நினைத்தும் பார்க்க முடியாது.

ஒரு துண்டுக் கடிதத்தின் பெறுமதி

எங்கள் களஞ்சியத்தில் ஒரு கடுவன் பூனை இருந்தது. ஊர் தனிமைப்படுத்தப்பட்ட அந்த நாட்களில் ஒரு காலை அது மணலில் போய்ப் போய்க் குந்துவதும், ஒரு சொட்டும் வராமல் கத்துவதுமாக இருந்தது. மலச்சிக்கல் என்று பலரும் சொன்னார்கள். என் மகன் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, அயலூரில் இருக்கும் ஒரு மிருக வைத்தியருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினான். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. "இது மலம் அல்ல, சிறுநீர் அடைப்பு. ஆண் பூனைகளுக்கு வருவது. இதைத் தொலைபேசியில் தீர்க்க முடியாது. இன்றைக்கே கொண்டு வாருங்கள். விட்டால் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்து செத்து விடும்" என்றார்.

வாகனம் இருந்தது, பணமும் இருந்தது. போக அனுமதிதான் இல்லை. அந்த வைத்தியர் தன் பெயர், பதிவிலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாம் போட்டு, "அவசர சிகிச்சைக்காக இந்தப் பிராணியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்" என்று நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டு அதையும் படமாக அனுப்பினார். சோதனைச் சாவடியில் இருந்த அதிகாரி அதை வாசித்தார், வைத்தியருக்கு அழைத்து உறுதி செய்தார், கூடையைத் திறந்து பார்த்தார், ஒருவர் மட்டும் போகலாம் என்று விட்டார். மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாய் போட்டு அடைப்பு எடுக்கப்பட்டது. பூனை பிழைத்துக் கொண்டது.

இதில் நான் கண்ட விஷயம் ஒன்றுதான். எங்களைக் காப்பாற்றியது காசல்ல, செல்வாக்குமல்ல. பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்ட நாலு வரி. அந்த நாலு வரியை எழுதக் கூடிய வைத்தியரின் இலக்கம் எங்களிடம் முன்பே இருந்தது. அதே வாரம் அந்த இலக்கம் இல்லாத வீடுகளில் என்ன நடந்தது என்பதையும் நான் கேள்விப்பட்டேன். எழுத மனம் வரவில்லை.

வெளியில் என்ன செய்தார்கள்?

இந்தியாவில் 2020 ஏப்ரல் 15ஆம் திகதி உள்துறை அமைச்சு வெளியிட்ட வழிகாட்டலில் மிருக வைத்தியசாலைகள், மருந்தகங்கள், ஆய்வு கூடங்கள், பிராணிகளுக்கான தடுப்பூசி மற்றும் மருந்து விற்பனை ஆகியவற்றைப் பெயர் சொல்லித் திறக்க அனுமதித்தார்கள். பெயர் சொன்னது முக்கியம். பட்டியலில் பெயர் இருந்தால் சாவடியில் வாதாடத் தேவையில்லை.

பிரித்தானியாவில் மிருக வைத்தியர்களைப் பதிவு செய்யும் றோயல் கொலேஜ், பிராணியை நேரில் பார்க்காமலே தொலைபேசியிலும் காணொளியிலும் விசாரித்து மருந்து எழுத 2020 மார்ச் மாதத்தில் தற்காலிக அனுமதி கொடுத்தது. அதே மாதம் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமும் தன் விதிகளைத் தளர்த்தியது. அதற்கு முன் நேரில் பார்க்காமல் மருந்து எழுதுவது அங்கெல்லாம் பெரிய தவறு.

பாகிஸ்தானில் நடந்ததோ நெஞ்சைப் பிழிவது. கராச்சி எம்பிரஸ் மார்க்கட்டிலும் லாகூர் டொலின்டன் மார்க்கட்டிலும் பிராணி விற்கும் கடைகள் பல இருக்கின்றன. ஊரடங்கு வந்ததும் கடைகள் பூட்டப்பட்டன, உள்ளே கூடுகளில் பூனை, நாய், முயல், பறவைகள். உணவும் தண்ணீரும் காற்றும் இல்லாமல் நூற்றுக்கணக்கானவை செத்துப் போயின என்று 2020 ஏப்ரலில் செய்தி வந்தது. பிராணி நலத் தொண்டர்கள் அதிகாரிகளிடம் மன்றாடித்தான் எஞ்சியவற்றைக் காப்பாற்றினார்கள். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் முதல் வகுப்பிலேயே படிக்கிறார்கள். கடை பூட்டியிருந்தது என்பது அங்கே சாட்டாக ஏற்கப்படுமா என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

வதந்தியும் சேர்ந்து கொண்டது. 2020 பெப்ரவரியில் ஹொங்கொங்கில் ஒரு நாயின் பரிசோதனையில் வைரஸ் காணப்பட்டதும், வீட்டுப் பிராணிகள் நோயைப் பரப்புகின்றன என்ற பேச்சு உலகம் முழுவதும் பரவியது. உண்மையில் மனிதரிடமிருந்துதான் அவற்றுக்குப் போனது. நாய், பூனைகள் இந்நோயைப் பரப்புவதில் பெரிய பங்கு வகிக்கவில்லை என்பது பின்னர் தெளிவாகி விட்டது. வதந்தியை நம்பித் தெருவில் விடப்பட்ட பிராணிக்கு அந்தத் தெளிவு உதவவில்லை.

நாம் செய்து வைக்க வேண்டியவை

முதலாவது, இலக்கம். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் இலக்கமும், ஒரு தனியார் மிருக வைத்தியரின் இலக்கமும் கல்லாப் பெட்டியில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். நல்ல நாளில் ஒரு தடவையாவது பிராணியைக் கொண்டு போய்க் காட்டி அட்டை ஒன்று எடுத்துக் கொள்ளுங்கள். முன்பே பார்த்த பிராணி என்றால்தான் வைத்தியர் துணிந்து தொலைபேசியில் ஆலோசனை சொல்வார், கடிதமும் தருவார்.

இரண்டாவது, தடுப்பூசி. விசர்நாய்த் தடுப்பூசியை ஒவ்வோர் ஆண்டும் நாயைப் போலப் பூனைக்கும் போட வேண்டும். திகதி தப்பினால் ஆபத்து பிராணிக்கு மட்டுமல்ல, வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான். அந்த நோயின் அறிகுறி தோன்றிய பின் மனிதனைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

மூன்றாவது, கை வைத்தியத்தில் எச்சரிக்கை. ஊரடங்கில் நம் வீடுகளில் எதற்கும் பனடோல்தான். பூனைக்கு அது நஞ்சு. ஒரே ஒரு வில்லை போதும், உயிர் போய் விடும். நாயின் உண்ணிக்குப் பூசும் சில மருந்துகளும் பூனைக்கு ஆகாது. விற்காமல் மிஞ்சிய பாணையும் சோற்றையும் மாவையும் ஆட்டுக்கு ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு ஊதி, இரைப்பை புளித்துச் செத்து விடும். களஞ்சியத்தில் எலி மருந்து வைப்பவர்கள் அதன் பெட்டியை எறியாமல் வையுங்கள். எலியைத் தின்ற பூனைக்கு எந்த மாற்று மருந்து கொடுப்பது என்பதை அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் வைத்தியர் முடிவு செய்வார்.

நான்காவது, கையிருப்பு. இரண்டு வாரத் தீன், தொடர்ந்து மருந்து எடுக்கும் பிராணிக்கு ஒரு மாத மருந்து, காற்றுப் போகும் ஒரு கூடை. பிராணி விற்கும் கடைக்காரர் என்றால் திறப்பின் மறுபிரதி கடைக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒருவரிடம் இருக்க வேண்டும்.

ஐந்தாவது வேலை நமது வர்த்தக சங்கங்களுக்குரியது. பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் அனர்த்த காலத்து அத்தியாவசிய சேவைகளைப் பற்றிப் பேசும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வையுங்கள். மிருக வைத்தியரின் கடிதம் பாஸாக ஏற்கப்பட வேண்டும். தீன் கடையும் பிராணி மருந்துக் கடையும் பட்டியலில் பெயரோடு இருக்க வேண்டும். பிராணிகள் உள்ள கடைக்குத் தினமும் ஒரு மணி நேரம் உரிமையாளர் போய் வர அனுமதி வேண்டும். நோய் வந்த பின் கேட்டால் கெஞ்சல் ஆகிவிடும். முன்பே கேட்டால் அது ஒழுங்கு.

இதில் தொழிலும் இருக்கிறது. பத்துப் பதினைந்து கடைக்காரர்களும் ஆட்டுப் பட்டிக்காரர்களும் சேர்ந்து மாதச் சந்தா அடிப்படையில் ஒரு வைத்தியரை ஒழுங்கு செய்தால், அவர் மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து பார்த்துப் போவார். அவருக்கும் நிச்சயமான வருமானம், நமக்கும் நிச்சயமான கை. தீன் வியாபாரம் செய்யும் இளைஞர்கள் மருந்தையும் தீனையும் வீட்டு வாசலில் கொடுக்கும் சேவையைத் தொடங்கலாம். வைத்தியரின் சீட்டு இல்லாமல் மருந்து கொடுப்பதில்லை என்ற ஒழுங்கோடு நடத்தினால் அது நிலைக்கும்.

கொவிட் போய் விட்டதே என்று இருந்து விட வேண்டாம். 2022இல் பாதையை அடைத்தது நோயல்ல, பெற்றோல் இல்லாமை. கியூ ஆர் அட்டை வரும்வரை வரிசையில் நின்ற வாகனத்தால் எந்த வைத்தியரிடமும் போக முடியவில்லை. மாரி காலத்து வெள்ளமும் இந்தக் கரையோரத்துக்குப் புதிதல்ல. பாதை அடைபடுவதற்கு ஆயிரம் காரணம் வரும். அன்றைக்கு நம்மிடம் இருக்க வேண்டியது ஓர் இலக்கம், ஒரு கடிதம், ஒரு கூடை. அவற்றைத் தேடி வைக்க இந்த வாரத்தில் அரை நாள் போதும். அதை ஒதுக்குங்கள் சகோதரர்களே.